கோபமே வராத மனுஷன்

"என் வீட்டுக்காரருக்குக் கோபமே வரமாட்டேங்குது டாக்டர். கொஞ்சமாவது வர வைங்க."

மனநல டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். சரியான அடங்காப்பிடாரி என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

பக்கத்து நாற்காலியில் அவள் கணவர், மேஜை மேலிருந்த புத்தர் சிலைக்குப் போட்டியாக, அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க கொடுத்து வச்சவங்கம்மா! இங்கே புத்தர் சொன்ன தியானத்தையும் சேர்த்துத்தான் சிகிச்சை தர்றோம். அதுல நல்லாத் தேறினவர் இவர்."

"ரொம்பத்தான் தேறினார்! இவரோட அண்ணன் என் தையல் மெஷினைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே போட்டுட்டு, நான் தைக்கிற ரூமைத் தன் பையனுக்குக் கொடுத்துட்டார். தைக்க வாங்கின துணியெல்லாம் மூட்டையாக் கிடக்கு. இவர் ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"கோபம் வந்தது. பார்த்துக்கிட்டே இருந்தேன். போயிடுச்சு" என்றார் கணவர், சாந்தமாக.

"கோபம் மட்டுமா போச்சு? ரூமும்தான் போச்சு!"

அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு அறைதான்.

டாக்டர் கணவரிடம் திரும்பினார். "ரெண்டாவது வகுப்புக்கு வாங்க, வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். ஏன் சார் வரமாட்டேங்கறீங்க?"

நாற்காலிப் புத்தர் லேசாக நெளிந்தார்.

"அது என்ன டாக்டர் ரெண்டாவது வகுப்பு?"

"முதல் வகுப்புல, கோபம் வந்தா குதிக்காம நிதானமா இருக்கச் சொல்லித் தருவோம். ரெண்டாவதுல, அதே நிதானத்தோட எழுந்து போய் நியாயம் கேக்கச் சொல்லித் தருவோம். இவர் முதல் வகுப்புலயே திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்துக்கறார்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்த ரெண்டாவது வகுப்புல என்னைச் சேர்த்துக்குங்க. இவரோட அண்ணன்கிட்ட நானே கேட்டுக்கறேன்."

"என்னது!" நாற்காலி பின்னால் விழத் துள்ளி எழுந்தார் கணவர். "எங்கண்ணனையே எதிர்த்துக் கேள்வி கேப்பியா நீ? தொலைச்சுடுவேன் தொலைச்சு!"

மேஜை மேலிருந்த புத்தர் மட்டும் அசையவில்லை.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நீங்க கேட்ட கோபம் வந்துடுச்சும்மா. அது எங்கேயும் போகலை. உங்களுக்குன்னு பத்திரமா எடுத்து வச்சிருந்திருக்கார்."