டிம் பண்ணாத ஆளு

செல்லமுத்துவின் கார் மூன்றாவது வளைவில் மல்லாந்து கிடந்தது. நாலு சக்கரமும் மேலே பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. நிமிர்த்தி விட வேண்டிய அருணகிரியைக் காணோம்.

"மூணாவது வளைவுல ஆருங்க? காரு கவுந்து கெடக்குது, ஆளக் காணமே" என்று மேடையில் நின்றபடி கத்தினார் செல்லமுத்து.

கார் என்றால் முழங்கை நீளம்தான். ரிமோட்டில் ஓடுவது. வெண்ணந்தூரில் தறி நின்றுபோன ஷெட் ஒன்றில் கார்ப்பெட் விரித்து, ஞாயிறு தவறாமல் ரேஸ் விடுகிற சங்கம். ஓட்டுகிறவர் மேடையை விட்டு இறங்கக் கூடாது. போன ரேஸில் ஓட்டியவர் இந்த ரேஸில் ஆரஞ்சுக் கோட்டு மாட்டிக்கொண்டு வளைவில் நிற்க வேண்டும். கவிழ்ந்த காரை அவர்தான் தூக்கி வைக்க வேண்டும்.

அதுவரை செல்லமுத்துவின் கார்தான் முதலிடத்தில் ஓடியது. பரிசு, ஐந்து லிட்டர் குக்கர்.

"லாரி ஓட்டுன மனுசன் பொம்மக் காரு ஓட்டப் போறீங்க. இன்னைக்கும் வெறுங்கையோட வந்தீங்கன்னா அந்தக் காரு பரண் மேலதான்" என்று காலையில்தான் மனைவி கண்ணாத்தாள் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தப் பயத்தில் விடிந்ததிலிருந்து இரண்டு பேட்டரியையும் மாற்றி மாற்றிச் சார்ஜ் போட்டிருந்தார் மனுஷன்.

இப்போது இரண்டாவதாக வந்துகொண்டிருந்த மோனிஷாவின் மஞ்சள் கார், கவிழ்ந்து கிடந்ததை மரியாதையாக ஒதுங்கிக் கடந்து போனது. கூடவே குக்கரும் போனது.

ரேஸ் முடிந்த பிறகு பின்வாசல் வழியாக வந்தான் அருணகிரி. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். எப்போதும் தோளில் கிடக்கும் பச்சைத் துண்டைக் கூடக் காணோம்.

செல்லமுத்து அவனோடு பேசுவதில்லை. லாரி ஓட்டிய காலத்தில், தொப்பூர் கணவாயில் ஒரு ராத்திரி எதிரே லாரியில் வந்த அருணகிரி ஹெட்லைட்டை டிம் பண்ணாமல் போய்விட்டான். கண் கூசி, செல்லமுத்துவின் முட்டை லோடு பள்ளத்தில் இறங்கி, தார்ப்பாயோடு ஆம்லெட் ஆயிற்று. அன்றோடு பேச்சு நின்றது. ஆகவே நேராகச் சங்கத் தலைவி பிரபாவிடம் போனார்.

"அம்மிணி, அந்த ஆளு எங்க போனாருன்னு கேளுங்க."

"எங்க போனீங்கண்ணா?" என்றாள் பிரபா.

அருணகிரி தலையைச் சொறிந்தான். செல்லமுத்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"பொகை நாத்தம் அடிக்குதுங்க அம்மிணி. பீடி குடிக்கப் போயிருக்கறாரு."

அருணகிரி அவரை ஒரு பார்வை பார்த்தான்.

"ஆமாங்க அம்மிணி, பீடிதான்" என்றான்.

ஷெட்டே சிரித்தது.

"என்ர காரு கவுந்து கெடக்கையில இவருக்குப் பீடி கேக்குது. இந்தாள சங்கத்த உட்டே அனுப்போணுமுங்க" என்றார் செல்லமுத்து.

"பீடிக்கெல்லாம் வெளிய அனுப்புவாங்களாண்ணா?"

"ஏனுங்க, சார்ஜுல பேட்டரியப் போட்டுட்டு டீக்குப் போன கந்தப்பன அனுப்புலீங்களா? சட்டம்னா சட்டமுங்க."

"அது தீப்புடிக்கற விசயமுங்க. அதுக்கு மன்னிப்பே கெடையாதுன்னு நீங்க ஒத்தக்கால்ல நின்னதாலதானே அந்தச் சட்டமே போட்டோம்" என்ற பிரபா, "அருணகிரியண்ணா இந்த மாசம் பூரா கார்ப்பெட் கூட்டட்டும்" என்று தீர்ப்பை முடித்தாள்.

அருணகிரி மூச்சு விடாமல் விளக்குமாற்றை எடுத்தான். அதைக் கண்ணாரப் பார்த்த பிறகுதான் செல்லமுத்து மூட்டை கட்டப் போனார்.

சார்ஜ் போடும் மேஜையில் அவருடைய ஒயர் மட்டும் தொங்கியது. மேஜைப் பலகை உள்ளங்கை அளவுக்குக் கருகியிருந்தது. இரண்டாவது பேட்டரியைக் காணோம்.

மேடையேறும் அவசரத்தில் அதைக் கழற்றவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மெதுவாகப் பின்வாசலுக்குப் போனார். தீயணைக்க வைத்திருந்த மணல் வாளியில் ஒரு பச்சைத் துண்டு, பாதி எரிந்து கிடந்தது. விலக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு பேட்டரி, போண்டா மாதிரி உப்பிக் கருகியிருந்தது. அதன் மேல் வெள்ளை பெயின்ட்டில், அவர் கையாலேயே எழுதிய 'செ.மு.'

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, துண்டை மறுபடி மூடினார்.

வெளியே அருணகிரி பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். செல்லமுத்து பக்கத்தில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். அத்தனை வருஷம் நின்றுபோன பேச்சு, லேசில் வரவில்லை.

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா உன்னய வெளிய அனுப்பிருவாங்க. நீ போட்ட சட்டமாச்சே" என்றான் அருணகிரி. "அப்பறம் நான் வளைவுல நின்னு ஆரு காரத் தூக்கறது? மத்தவிய காரெல்லாம் எங்க கவுருது?"

செல்லமுத்துவுக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஊட்டுல குக்கரு கேப்பா. என்னன்னு சொல்றது?"

"நான் பீடி குடிக்கப் போயிட்டேன்னு சொல்லு."

செல்லமுத்து போய்த் தன் பைக்கை எடுத்தார். வாசலில் இரண்டு பைக்கும் எதிரெதிரே நின்றன.

பட்டப்பகல். மண்டையைப் பிளக்கிற வெயில். செல்லமுத்து ஹெட்லைட்டைப் போட்டார். எதிரே நின்ற அருணகிரியை ஒரு தரம் பார்த்தார்.

பிறகு டிம் பண்ணினார்.