ஏழாவது படி

உயரத்தைக் கண்டு நடுங்குகிறவர்கள் எல்லாம் எதற்குத்தான் இங்கே வருகிறார்களோ என்று பாதுகாப்பு பெல்ட் மாட்டிவிடும் பெண்ணுக்கு எரிச்சலாக வந்தது.

துறைமுகத்தில் சும்மா நின்ற பழைய கிரேன் அது. உச்சியில் இருந்த கூண்டை அறையாக்கி ஓட்டலாக நடத்துகிறார்கள். மேலே போக நூற்றிருபது இரும்புப் படிகள், கீழே பார்த்தால் கடல் தெரியும். ஏறுகிறவர்களுக்கு பெல்ட் மாட்டி, இழுத்துப் பார்த்து அனுப்புவது அவள் வேலை.

இன்று வந்தது மூன்று பேர். மகள், மருமகன், மாமியார். உயரமெல்லாம் தனக்குத் தண்ணி பட்ட பாடு என்று மருமகன் கேட்டிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தான். மகள் முதலில் ஏறினாள், அவன் நடுவில், மாமியார் கடைசி.

ஏழாவது படியில் மாமியார் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியாது. தலை சுத்துது. மாப்பிள்ளை, என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க."

மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு எப்பலேருந்தும்மா இந்தப் பயம்? ஒரு மாசமா ஆசைப்பட்டது எல்லாம் போச்சு" என்றவள் விறுவிறுவென்று தனியாகவே ஏறிப் போய்விட்டாள்.

மருமகன் பெருமூச்சு விட்டான். அத்தைக்காகத்தான் இறங்குகிறேன், இல்லையென்றால் இந்நேரம் உச்சியில் இருந்திருப்பேன் என்று பெல்ட் பெண்ணிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு, தரைத்தளத்தில் அறை கேட்க ஆபீசுக்குப் போனான்.

அவன் தலை மறைந்ததும் மாமியார் எழுந்தாள். மகள் மறந்துவிட்டுப் போன ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல் மளமளவென்று அறுபதாவது படி வரை ஏறி, அங்கிருந்த கொக்கியில் அதை மாட்டினாள். ஒரு நிமிடம் கடலைப் பார்த்து நின்றாள். அதே வேகத்தில் இறங்கி வந்தாள்.

"மேல காத்து குளிரும். பாதி வழிக் கொக்கியில ஸ்வெட்டரை நீ வெச்சதா அவகிட்ட போன்ல சொல்லிடும்மா."

பெல்ட் பெண் ஸ்வெட்டரை அண்ணாந்து பார்த்தாள். "உங்களுக்குப் பயம்னு..."

"எனக்கென்ன பயம்? முன்னால ஏறின மனுஷனுக்குக் கால் தந்தியடிச்சுது. பாதியில நின்னுட்டா யாரு பிடிக்கிறது? கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆகுது, பொண்டாட்டிகிட்ட அதை எப்படிச் சொல்லுவார், பாவம்."

பெல்ட் பெண்ணுக்கு வெட்கமாக இருந்தது. மருமகனின் பெல்ட்டை இழுத்துப் பார்த்தவள் அவள்தான். வாய்ப்பேச்சைக் கேட்டாளே தவிர, அந்த நடுக்கத்தைக் கவனிக்கவில்லை. இந்த அம்மாள் மகளின் திட்டையும் வாங்கிக்கொண்டு நிற்கிறாள். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அதற்குள் மருமகன் சாவியோடு வந்துவிட்டான். மாமியார் சட்டென்று நாலாவது படியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"மெதுவாப் பிடிங்க மாப்பிள்ளை. இந்த நாலு படி இறங்கறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடும்போல இருக்கு."