ஏழு மணி பஸ் கண்டக்டர்

கைதட்டினாள். பக்கத்தில் இருந்தவர்களை விடக் கொஞ்சம் பலமாகவே தட்டினாள். வயிற்றெரிச்சல் வெளியே தெரியக் கூடாதல்லவா?

உலக நலவாழ்வுக்கான மாணவர் யோசனைப் போட்டி. முதல் பரிசு மெஹருக்கு. நர்சிங் வகுப்பில் இவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் அதே மெஹர்.

இவள் கண்விழித்து உருவாக்கிய செல்போன் செயலி முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியது.

மெஹரிடம் செயலியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. மலை கிராமத்துக் காசநோயாளிகளின் சளி மாதிரிகள் அடிவாரத்து ஆய்வகத்துக்கு வந்து சேர்வதற்குள் கெட்டுவிடுகின்றன. ஐஸ் பெட்டியில் வைத்துக் காலை ஏழு மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பலாம். அவ்வளவுதான் யோசனை.

அதே பஸ்ஸில்தான் இவளும் மூன்று வருடமாக வருகிறாள்.

“இது என் யோசனையே இல்ல மேடம். மல்லிப்பூவையே வாடாம கொண்டாந்து சேக்குறோம், இதச் சேக்க மாட்டமான்னு கேட்டது இந்த அண்ணன்தான்.”

மெஹர் கண்டக்டரின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தாள்.

தேய்த்த மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை.

இவளுடைய அப்பா.

கல்லூரியில் யாருக்கும் தெரியாது. சேர்ந்த முதல் நாளே, பஸ்ஸில் தன்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எல்லோரையும் போல இவளிடமும் பாஸ் கேட்பார். இவளும் நீட்டுவாள்.

முன் சீட்டில் உட்கார்ந்து மெஹர் அவரிடம் ஓயாமல் பேசிக்கொண்டு வருவதைப் பின் சீட்டிலிருந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் வராத ஆத்திரம் இப்போது பொங்கியது. பரிசு போனால் போகிறது. அவர் கையை இன்னும் எதற்குப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்?

நடுவர் அம்மா மைக்கை அவர் பக்கம் நீட்டினார். பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்டார்.

அப்பா அரங்கைப் பார்த்தார். நான்காவது வரிசைக்கு வந்ததும் பார்வையைச் சட்டென்று நகர்த்திக்கொண்டார்.

“ஒரே பொண்ணுங்க. வெளியூர்ல படிக்குது.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரொம்ப நல்ல புள்ளைங்க” என்றார்.

மெஹர் தன் பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டாள். அவர் கூச்சத்தில் நெளிந்தபடி சிரித்தார். வீட்டில் அப்படிச் சிரித்து இவள் பார்த்ததில்லை.

போட்டோக்காரர் கேமராவோடு மேடையருகே வந்தார்.

“பாப்பா, அப்பாவ ஒட்டி நில்லும்மா.”

மெஹர் ஒட்டி நின்றாள்.

அப்பா திருத்தவில்லை.

நான்காவது வரிசையில் இவள் எழுந்துவிட்டாள்.