கவிழ்த்து வைத்த ரொட்டி

"பதினோரு பேர் வயித்துல அடிச்சிட்டு, வெக்கமில்லாம நீயும் இங்கயே வந்து நிக்கிறியா?"

புரூல் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னாள். முதல் தடவை பக்கத்தில் இருந்த ஜிபெக்குக்கு, இரண்டாவது தடவை வரிசைக்கு, மூன்றாவது தடவை கராபல்தா ஊர் முழுமைக்கும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்து பெஞ்சில் புரூலுக்குப் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. கலிபா பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

தையல் தொழிற்சாலையில் ஆட்களின் காகிதங்களையெல்லாம் பார்த்தவள் கலிபா. போன மாதம் பதினாலாம் தேதி புரூல் உட்பட பதினோரு பேரை ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கடைசி வரி எழுதி முடித்த வேலைப் புத்தகத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியவளும் அவள்தான்.

பதினெட்டு வருஷமாக 'கலிபா அக்கா, கலிபா அக்கா' என்று குழைந்தவள் புரூல். இன்றைக்கு அக்காவும் இல்லை, 'நீங்க'வும் இல்லை.

"முதலாளி அனுப்பிச்சாரா? யார் யாருக்கு வேலையில்லாக் காலத்துப் பணம் கிடைக்குதுன்னு பார்த்துட்டு வரச் சொன்னாரா?"

"அவளுக்கெல்லாம் உள்ள அறையில டீயும் மிட்டாயும் குடுப்பாங்கடி," என்றாள் ஜிபெக். "கால் வலிக்குதுன்னு ரெண்டு நிமிஷம் நம்மகூட உக்காந்திருக்கா."

வரிசை சிரித்தது. காலை ஆறு மணிக்கு வந்து நின்ற வரிசை. சிரிக்க வேறு விஷயம் கிடையாது.

"சிரிக்காதீங்க," என்றாள் புரூல். "எங்க வீட்ல அடுப்புக்குப் போட ஒரு வாளி நிலக்கரி இல்ல. புள்ளைங்க ரெண்டும் கோட்டைப் போட்டுக்கிட்டுத் தூங்குது. இந்தப் பணமும் இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா, இந்தக் குளிர்காலத்தை நான் எப்படித் தாண்டுவேன்?"

பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் மூடியது. சாப்பாட்டு நேரமாம். உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான் வயிறு போலிருக்கிறது.

வரிசையில் ஃபிளாஸ்க்குகள் திறந்தன. கலிபா துணி முடிச்சை அவிழ்த்து, வட்ட ரொட்டியை எடுத்துப் பிட்டாள். முதல் துண்டை புரூலிடம் நீட்டினாள்.

"வாயில போட்டுக்கோ, புரூல். விடியறதுக்கு முந்தியே வந்திருப்ப."

நீட்டிய ரொட்டியை அந்த ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. வயிறு முட்டத் தின்றிருந்தாலும் ஓரத்தைக் கிள்ளி வாயில் வைப்பார்கள்.

புரூல் வாங்கினாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். மேல்பக்கம் கீழே போக அதைப் பெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்தாள்.

டீ குடித்துக்கொண்டிருந்த வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கட்டின புருஷனை விட்டு ஓடியவளைக்கூட அந்த ஊர் மன்னித்திருக்கிறது. ரொட்டியைக் கவிழ்த்தவளை மன்னித்ததில்லை.

"ஏய், ரொட்டி என்னடி பாவம் பண்ணிச்சு?" ஜிபெக்கே பதறிப்போனாள்.

கலிபா துண்டை நிமிர்த்தினாள். தூசியைத் தட்டி, நெற்றியில் ஒற்றி, மறுபடி துணியில் முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒரு மணிக்கு ஜன்னல் திறந்தது. புரூல் முதலில் போனாள்.

உள்ளே இருந்த சின்னப் பெண் தலையைத் தூக்காமலே வேலைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

"'ஆட்குறைப்பு'ன்னு இருக்கு. தப்பிச்சீங்க அக்கா. ஆறு மாசம் பணம் வரும். இங்க கையெழுத்துப் போடுங்க."

"தப்பிக்கறதுக்கு என்ன இருக்கு? என் உரிமை!"

"உங்க உரிமையெல்லாம் இந்த ஒரு வார்த்தையிலதான் இருக்கு. 'ஒழுங்கீனம்'னு எழுதியிருந்தா ஒரு சோம் காசுகூட கிடையாது. இப்பல்லாம் முதலாளிங்க அப்படித்தான் எழுதச் சொல்றாங்க. ஆட்குறைப்புன்னா அவங்க கையிலேர்ந்து இழப்பீடு குடுக்கணுமே!"

புரூல் கையெழுத்துப் போட்டாள். ஒரு மூட்டை நிலக்கரி, முடிந்தால் சின்னவனுக்கு பூட்ஸ் என்று மனசுக்குள் ஓடியது. ஓரமாக நின்று காகிதங்களைப் பைக்குள் திணித்தாள்.

"அடுத்தது யாரு?"

கலிபா எழுந்தாள்; ரொட்டி கவிழ்ந்ததைப் பார்த்த வரிசை அவளுக்கு வழி விட்டது. தன் பையிலிருந்து தன் வேலைப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

புரூலின் கை நின்றது.

சின்னப் பெண் கடைசிப் பக்கத்தை ஒரு தடவை படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள்.

"உங்களுக்குக் கிடைக்காதே அக்கா. 'ஒழுங்கீனம், உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை'ன்னு போட்டிருக்கு. பதினாலாம் தேதி சாயங்காலமே வெளிய அனுப்பியிருக்காங்க."

"தெரியும்மா. திருத்தறதுக்கு எதாவது வழி இருக்கான்னு கேக்கத்தான் வந்தேன்."

"கோர்ட்டுக்குத்தான் போகணும். இந்த ஜன்னல்ல ஆகாது." அந்தப் பெண் தயங்கினாள். "அப்படி என்ன உத்தரவு?"

"பதினோரு பேர் புத்தகத்துல ஒரு வார்த்தை எழுதச் சொன்னாங்க."

"நீங்க எழுதலையா?"

"வேற வார்த்தை எழுதிட்டேன்."

சின்னப் பெண் அன்றைக்கு முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள். பார்த்தது கலிபாவை அல்ல, புரூலை.

கலிபா புத்தகத்தை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பெஞ்சைத் தாண்டி, வரிசையைத் தாண்டி, வாசலுக்கு நடந்தாள். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா!" புரூல் படி வரைக்கும் ஓடினாள். "கலிபா அக்கா, நில்லுங்க!"

கலிபா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

"அக்கா, அந்த ரொட்டியில எனக்கு ஒரு துண்டு குடுத்துட்டுப் போங்க அக்கா!"