பயந்த சனம்

"அந்த மனுசியின்ரை குரலைத் திரும்பக் கேட்டால் உங்களாலை அடையாளம் காட்ட ஏலுமோ, ஐயா?"

அதிகாரி நோர்வேஜிய மொழியில் கேட்டதைச் சாருகா தமிழில் கேட்டாள். அவள் பொலிசார் அழைத்திருந்த மொழிபெயர்ப்பாளர்.

"எங்கை கேட்டாலும் காட்டுவன், பிள்ளை. அதுக்கு முதல் என்ரை மகளின்ரை விசயத்துக்கு ஒரு முடிவு சொல்லச் சொல்லும்" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

அவர் முன்னால் வைத்த கோப்பி ஆறிப்போயிருந்தது. பொலிஸ்காரரைக் கண்டால் வீதியின் மறுபக்கம் போகிற மனிதர் அவர். யாழ்ப்பாணத்தில் பிடித்த அந்தப் பயம், ஒஸ்லோவுக்கு வந்து ரொம்மனில் சொந்த வீடு வாங்கிய பிறகும் அவரை விட்டபாடில்லை. அப்படிப்பட்டவர் இன்று தானாகவே பாதுகாப்புப் பொலிசின் படியேறி வந்திருந்தார்.

விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் அவருக்கு வேலை. சனிக்கிழமை ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டதால், மலைப்பக்கத்தில் இருந்த ஒரு கப்பல் முதலாளியின் மாளிகைக்கு அவரை அனுப்பினார்கள். அந்த முதலாளியின் கம்பனியில்தான் அவருடைய ஒரே மகள் மேரின் ஆலோசகராக இருக்கிறாள். இருவரும் கைகுலுக்கும் படம் அவர் வீட்டு விறாந்தையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அப்பா இந்த வயதில் பாத்திரம் சுமப்பது மகளுக்குப் பிடிக்காது. அவள் ஸ்தவாங்கர் நகருக்குப் போவதாகச் சொல்லியிருந்தது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்ததும் பரிமாறியவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பக்கத்து அறையில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த கிழவனை எல்லாரும் மறந்துபோனார்கள்.

கப்பலும் மீனும் கட்டடமும் வைத்திருந்த பெரிய மனிதர்கள் பேசினார்கள். தங்களுக்கு வரி போடுகிற அரசைத் தெரிவுசெய்யும் சனத்துக்கு வாக்கு ஒரு கேடா என்று கேட்டார் ஒருவர். ஹிட்லரின் நாசிப்படை இந்த நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் ஒழுங்காவது இருந்தது என்றார் இன்னொருவர். சிரித்தார்களே தவிர, ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. குளிர்காலத்தில் மின்சாரத்தை நிறுத்துவது, கடைகளுக்குப் போகும் லொறிகளை மறிப்பது, சனம் பசியிலும் இருட்டிலும் தவிக்கும்போது பாதுகாப்பு என்று சொல்லி நாடாளுமன்றத்தைப் பூட்டுவது. இதுதான் திட்டம்.

ஆட்களைப் பிடித்து அடைக்கவேண்டி வருமே என்று சிலர் இழுத்தபோதுதான் அந்தப் பெண்குரல் எழுந்தது. ஒஸ்லோவின் மேற்குப்பக்கத்துப் பணக்காரர் பேசுகிற நோர்வேஜிய மொழி. கறி விலை கேட்பதுபோல ஒரு நிதானம்.

"முதல் கிழமையே பத்திரிகைக்காரரைப் பிடிக்கவேணும் எண்டவள்" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "வெளிநாட்டுக்காரர் தெருவிலை இறங்குவினமே எண்டு ஆரோ கேட்க, சிரிச்சவள். அவை பயந்த சனம், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கை இருப்பினம், எனக்கு நல்லாத் தெரியும் எண்டவள்."

அந்தச் சொல்தான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. அது பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு சுட்டிருக்காது.

மகளுக்குத் தொலைபேசி எடுத்து, அந்த வேலையை விட்டுவிடு என்று கெஞ்சிப் பார்த்தார். காரணத்தைத் தொலைபேசியில் சொல்ல அவருக்குப் பயம். அவளோ, தனக்கு அங்கே நல்ல மதிப்பு இருப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். விசயம் வெடித்தால் பெரிய மனிதர்கள் தப்பிவிடுவார்கள், பழியைத் தூக்கிக் கறுத்த பிள்ளையின் தலையில் போடுவார்கள் என்று அவர் பயந்தார்.

குற்றம் செய்யாத ஒருவர்மேலும் கைவைக்கமாட்டோம் என்று அதிகாரி சொன்னதாகச் சாருகா சொன்னாள். அதைச் சொல்லும்போது அதிகாரி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாக்குறுதி ஸ்ரனிஸ்லாசுக்குப் போதுமாயிருந்தது. கொஞ்சம் உற்சாகம்கூட வந்தது.

"நொர்ஸ்க் பாசை எனக்கு விளங்கும், கதைக்கத்தான் நாக்குப் புரளாது. ஆனால் உமக்குத் தமிழ் கொஞ்சம் இடறுது, பிள்ளை. என்ரை மகளின்ரை தமிழைக் கேட்கவேணும். இஞ்சை பிறந்தவள் எண்டு ஒருத்தரும் நம்பமாட்டினம்."

அது அவர் போட்ட சட்டத்தின் வெற்றி. வாசலில் சப்பாத்தோடு நோர்வேஜிய மொழியையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு மனைவியைத்தான் அனுப்புவார். படிக்க வெளியூர் போன மேரின், இப்போது ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட வரும்போதும் அதே சுத்தத் தமிழ்தான் பேசுவாள். தன்னிடம் ஒருநாளும் எதிர்த்துப் பேசாத பிள்ளை என்பதில் அவருக்குப் பெரிய பெருமை.

அதிகாரி கணினியைத் தட்டினார். படம் இல்லை, குரல்கள் மட்டும் வந்தன. முதல் குரலுக்கு ஸ்ரனிஸ்லாஸ் இல்லை என்று தலையசைத்தார். அடுத்ததற்கும் அப்படியே. அதற்கடுத்து ஏதோ வியாபாரக் கூட்டத்தில் ஒரு பெண் பேசினாள். அவர் கதிரையின் நுனிக்கு நகர்ந்தார்.

"இவள்தான்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ, ஐயா."

"யோசிக்க ஒண்டுமில்லை. இவளை விட்டிடாதேங்கோ. என்ரை பிள்ளை மாதிரி எத்தினை பிள்ளையளை இவள் அழிப்பாள்."

இத்தனை வருசத்தில் முதல்முறையாக அவருக்குப் பயம் இல்லை. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

அதிகாரி ஒலியை நிறுத்திவிட்டுச் சாருகாவின் காதோடு ஏதோ கேட்கச் சொன்னார்.

"ஐயா," என்றாள் அவள், "உங்கடை மகள் நொர்ஸ்க் கதைச்சு நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லையோ?"