சித்தப்பாவா, மாமாவா?

பல் டாக்டருக்கு வாய் ஓயாது என்பது, நாற்காலியில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்த பிறகுதான் டிரெய்லருக்குத் தெரிந்தது.

டிரெய்லர் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். எந்த சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வரப்போகிறது, எது படமாகப் போகிறது, அதை யார் கெடுக்கப் போகிறார்கள் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். லிப்ட் கம்பெனியில் புகார் போனை எடுக்கும் வேலை. லிப்டில் மாட்டிக்கொண்டு உதவிக்கு அழைப்பவர்கள், மெக்கானிக் வந்து சேரும்வரை 'குடைவீரன்' காமிக்ஸின் அடுத்த பாகத்தைப் பற்றி அவருடைய கருத்தைக் கேட்டாக வேண்டும். பாவம், அவர்கள்தான் எங்கே போவார்கள்?

யாருக்கும் அஞ்சாத அந்த வாய், ஊசி என்றால் மட்டும் ஒட்டிக்கொள்ளும். கடைவாய்ப் பல் சொத்தையாகி, கன்னம் பன் மாதிரி வீங்கியும் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தார். போன மாதம் வேறொரு கிளினிக்கில், "கார் கதவைப் பூட்டினேனான்னு பார்த்துட்டு வரேன்" என்று எழுந்தவர் வீட்டுக்கே போய்விட்டார். அவரிடம் கார் கிடையாது.

கடைசியில் மனைவி கை வைக்க வேண்டிய இடத்தில் கை வைத்தாள். வெள்ளிக்கிழமை குடைவீரன் படம் வருகிறது. பல்லைப் பிடுங்கினால் முதல் காட்சி; இல்லாவிட்டால் டிக்கெட் நாத்தனாருக்கு. நாத்தனாருக்குக் குடையும் தெரியாது, வீரனும் தெரியாது.

ஆகவே வந்து படுத்திருந்தார். டாக்டர் அவர் வாயில் பஞ்சை வைத்து ஊசியை எடுத்ததும், ஓடிவிடலாம் என்று ஒரு கையை ஊன்றினார். அப்போது டாக்டர் சாவகாசமாக ஆரம்பித்தார்.

"குடைவீரன் படம் வருதாமே சார். குடையில பட்டனை அழுத்தினா குண்டு பறக்குமாம். காமிக்ஸ்ல அது வெறும் குடை. படத்துலதான் சரியா பண்ணியிருக்காங்க."

ஊன்றிய கை அப்படியே நின்றது. அது வெறும் குடை என்பதில்தானே கதையே இருக்கிறது? மற்றவர்கள் நனையாமல் பிடிப்பானே தவிர, அதை வைத்துக் குடைவீரன் ஒருவரையும் அடித்ததில்லை. போன வாரம்கூட, லிப்டில் மாட்டிய ஒரு குடும்பத்துக்கு இதை அவர் விலாவாரியாக விளக்கியிருந்தார்.

"ஆ... ஊ..." என்றார்.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று ஊசியைப் போட்டார் டாக்டர்.

ஈறு மரத்துப்போகக் காத்திருந்த நேரத்திலும் மனிதர் விடவில்லை. வரப்போகும் புதுப் புத்தகத்தில் குடைவீரன் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு மழைக்கோட்டுக்கு மாறுவதை மனமார வரவேற்றார். படம் வந்துவிட்டால் பழைய புத்தகங்களை எல்லாம் எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். டிரெய்லருக்கு ரத்தம் கொதித்தது. பதில் பேச முடியாதவனிடம் கருத்துச் சொல்வது என்ன நியாயம் என்று நினைத்தார். லிப்டில் மாட்டியவர்கள் யாரும் அப்போது பக்கத்தில் இல்லை.

டாக்டர் இடுக்கியை எடுத்தார்.

"என்ன இருந்தாலும் சார், வில்லன் கருஞ்சூறை குடைவீரனுக்குச் சொந்த மாமா. தாய்மாமனே இப்படிப் பண்ணலாமா?"

டிரெய்லருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமாவா? கருஞ்சூறை அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. பூர்விகக் குடைக் கம்பெனியில் பங்கு தரவில்லை என்றுதானே அவன் வில்லனாகவே ஆனான்? அம்மாவின் தம்பிக்கு அதில் ஏது பங்கு? மாமா என்று வைத்தால் மொத்தக் கதையும் கவிழ்ந்துவிடும்.

சித்தப்பா என்று சொல்ல உயிரைக் கொடுத்து முயன்றார். உதடு ஒட்டினால்தானே 'ப்பா' வரும்?

"ஆ... ஆ..."

"மாமா. நீங்களே சொல்லிட்டீங்க பாருங்க."

"ஆஆ... ஆஆ..."

"மாமாவேதான்."

அப்பாவின் தம்பி என்பதைச் சைகையில் எப்படிக் காட்டுவது? டிரெய்லர் மீசையை முறுக்கிக் காட்டினார். பிறகு உள்ளங்கையைச் சற்றுத் தாழ்த்தி, அவரைவிடச் சின்னவர் என்று காட்டினார்.

"மாமா குள்ளமா?" என்றார் டாக்டர்.

தட்டில் டங்கென்று ஏதோ விழுந்தது. பார்த்தால், அவருடைய பல்.

வலித்ததா என்று யோசிக்கக்கூட டிரெய்லருக்குப் பொறுமையில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசாமல் இருக்க வேண்டும் என்று நர்ஸ் வேறு சொல்லி அனுப்பினாள். வெளியே காத்திருந்த மனைவி ஏதோ கேட்டாள். அவர் போனை எடுத்து, 'சித்தப்பா' என்று பெரிய எழுத்தில் அடித்தார். இதை அந்த ஆளின் முகத்துக்கு நேரே காட்டாமல் வீடு திரும்புவதில்லை என்று கதவைத் தள்ளினார்.

டாக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அடுத்தது யாரும்மா?"

"தமிழ் டீச்சர், சார். ஊசின்னா ரொம்ப பயமாம். இவருக்கு வீட்டம்மாகிட்ட கேட்ட மாதிரி, அவங்க வீட்டுக்காரர்கிட்ட போன்ல விசாரிச்சு வச்சிருக்கேன்" என்ற நர்ஸ், டாக்டரின் காதில் எதையோ சொன்னாள்.

டிரெய்லர் நீட்டிய போனை மெதுவாக இறக்கினார்.

கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அவரைத் தாண்டிப் போன ஒரு அம்மாள், நாற்காலியில் படுத்துக் கண்களை இறுக மூடிக்கொண்டார். டாக்டர் அவர் வாயில் பஞ்சை வைத்தார். ஊசியை எடுத்தார். பிறகு சாவகாசமாகக் கேட்டார்:

"'வாழ்த்துக்கள்'னு நடுவுல 'க்' போட்டு எழுதறதுதானே டீச்சர் சரி?"