பலகைக்கு ஒரு சிரிப்பு

ஒருமுறை என் கேமரா ஒருவருடைய தும்மலைப் பிடித்துவிட்டது. படத்தைப் பார்த்தவர்களுக்கெல்லாம் ஜலதோஷம். அப்பேர்ப்பட்ட கேமராவாலும் இந்தத் தையல்காரத் தங்கச்சியின் சிரிப்பைப் பிடிக்க முடியவில்லை. புதுக் கடையின் பெயர்ப்பலகைக்குப் படம் வேண்டுமாம். முன்பல் ஒன்று கோணல் என்று மகள் கல்யாணப் படத்தில்கூட வாயைத் தைத்துக்கொண்டு நின்றவள், இப்போதும் விளக்கு வெளிச்சத்தில் உதட்டை இறுக்கி உட்கார்ந்திருக்கிறாள். "இப்படி முறைச்சா கடைக்கு யார் வருவா? கொஞ்சம் சிரியேன்" என்று அவளுக்குப் பின்னால் தொங்கும் நீலத் திரையை விலக்கிக் கணவர் எட்டிப் பார்க்க, அது கம்பியோடு சரிந்து அவரை மூடுகிறது. துணிக்குள் இரண்டு கைகள் வழி தேடித் துழாவுகின்றன. "யாருய்யா லைட்டை அணைச்சது?" அவ்வளவுதான், அவள் வெடித்துச் சிரிக்கிறாள். என் வயிறும் கேமராவும் சேர்ந்து குலுங்க, பட்டனை அமுக்குகிறேன். படம் சாய்ந்து கலங்கியிருக்கிறது, ஓரத்தில் என் விரல், நடுவே அந்தப் பல் பளிச்சென்று. "அழிச்சிடவா தங்கச்சி?" அவள் கேமராவை வாங்கி உற்றுப் பார்க்கிறாள். வாயை மூடப் போன கை பாதியிலேயே இறங்குகிறது. "தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேண்ணே! இதையே பெருசாப் போடுங்க." துணிக்குள்ளிருந்து குரல் வருகிறது: "அதுல நான் எப்படி இருக்கேன்?" அவள் சொல்கிறாள்: "என்னிக்கும் இல்லாத அழகு!"